பழைய போனில் உன் மெசேஜ்

அன்பு நண்பா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் தன் முதல் சம்பளத்தில் உனக்குப் புது போன் வாங்கித் தந்திருக்கிறாள் என்ற வரியை மட்டும் மூன்றாவது முறையும் படித்தேன். நேற்றுப் பிறந்தவள் மாதிரி இருக்கிறது. நான் நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாலையில் நடக்கிறேன். மற்றபடி இங்கே புதிதாக ஒன்றும் இல்லை.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய். உன் பழைய பிளாக்பெர்ரி க்யூ10 டிராயரில் கிடக்கிறது, ஆன் செய்தால் உயிர் வருகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை, வைத்துக்கொள்ளவா தூக்கிப் போடவா என்று. இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் எழுத உட்காரும் முன் என் டிராயரையும் திறந்து பார்த்துவிட்டேன். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

முதலில் உன் போனைப் பற்றி. அது கெட்டுப்போகவில்லை. அதில் ஓடும் பிளாக்பெர்ரி 10 என்ற இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டன. அதன் பிறகு அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வாட்ஸ்அப் அதற்கும் முன்பே, 2017 முடிவோடு, விலகிக்கொண்டது. பிரவுசரில் பக்கங்கள் திறக்காததற்குக் காரணம் வேறு. இணையதளங்கள் எல்லாம் பூட்டை மாற்றிவிட்டன, உன் போனிடம் இருப்பது பழைய சாவி. பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாகிவிட்டன, புதியதை அனுப்பி வைக்க ஆள் இல்லை. கருவி நல்ல நிலையில் இருக்கும்போதே அதைச் சுற்றியுள்ள கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

அதன் கீபேடில் நீ பார்க்காமலே தட்டுவாய். பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு அடியில் பதில் எழுதி முடித்திருப்பாய், கண் என் முகத்தில்தான் இருக்கும். இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். எந்த ஆப்பில் இருந்தாலும் விரலைக் கீழிருந்து மேலே கொண்டுபோய் வலப்பக்கம் இழுத்தால், வந்திருக்கும் மெசேஜ்கள் எல்லாம் ஒரே இடத்தில் எட்டிப் பார்க்கும். அவசியம் இல்லையென்றால் விரலைத் திருப்பிக்கொள்ளலாம், செய்துகொண்டிருந்த வேலை அங்கேயே காத்திருக்கும். வேலையை விடாமல் வாசலை எட்டிப் பார்ப்பது போல. அதை யோசித்துச் செய்தவர்கள், படிப்பவரின் கவனத்தை மதித்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

என் டிராயரில் மேலாகக் கிடந்தது நோக்கியா என்9. அதை வைத்து நீயும் நானும் எத்தனை முறை வாதாடியிருப்போம்! முன்பக்கத்தில் ஒரு பட்டன்கூடக் கிடையாது. திரையின் விளிம்பிலிருந்து விரலை உள்ளே இழுத்தால் முகப்புக்கு வந்துவிடலாம். தூங்கும் திரையை இரண்டு முறை தட்டினால் விழித்துக்கொள்ளும். இது 2011-இல். ஐபோன் எக்ஸ் ஹோம் பட்டனை விட்டுவிட்டு ஸ்வைப்புக்கு மாறியது 2017-இல்தான். ஒரே துண்டு பாலிகார்பனேட் உடம்பு, நிறம் மேலே பூசியதல்ல, உள்ளேயே ஊறியது. கீறல் விழுந்த இடத்திலும் அதே கறுப்புதான் தெரிகிறது. சார்ஜர் செருகும் இடத்துக்கு ஒரு குட்டிக் கதவு உண்டு, ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பும். நேற்று அழுத்திப் பார்த்தேன், முதல் நாள் போலவே எழும்பியது.

அதன் கதையை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. இனி தங்கள் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் இயங்குதளம்தான் என்று நோக்கியா அறிவித்தது 2011 பிப்ரவரியில். என்9-ஐ உலகத்துக்குக் காட்டியது ஜூனில். வாரிசு கிடையாது என்று முடிவான பிறகு பிறந்த பிள்ளை அது. அந்த ஆண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட அதே உடம்போடு லூமியா 800 வந்தது, உள்ளே இருந்தது விண்டோஸ் ஃபோன். போட்டியில் தோற்ற பொருளை ஒருவழியாக மறந்துவிடலாம். போட்டியில் முழுதாக இறக்கவே படாத ஒன்றை எப்படி மறப்பது? என்9-இல் ஓடிய மீகோ இயங்குதளத்தில் உழைத்த சிலர் வெளியே போய் யோலா என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். 2013 கடைசியில் அவர்கள் போனும் வந்தது. செயில்ஃபிஷ் என்ற பெயரில் அந்த மரபு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

உன் தம்பி வைத்திருந்த பாம் ப்ரீ போன் ஞாபகம் இருக்கிறதா? கூழாங்கல் மாதிரி உருண்டையாக, கீழே தள்ளினால் கீபேட் வரும். 2009-இல் வந்தது. திறந்திருக்கும் ஆப்கள் சீட்டுக் கட்டை விரித்தது போல வரிசையாக நிற்கும், வேண்டாததை மேலே தள்ளிவிட்டால் மூடிக்கொள்ளும். நாம் இன்று நாளெல்லாம் செய்வது அதைத்தான், அங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதில் ஓடிய வெப்ஓஎஸ் என்ற இயங்குதளத்தின் முகத்தை வடிவமைத்த மத்தியாஸ் டுவார்ட்டே பிறகு கூகுளுக்குப் போய் ஆண்ட்ராய்டின் முகத்தை வடிவமைத்தார். பாம் நிறுவனத்தை 2010-இல் எச்பி வாங்கியது. அடுத்த ஆண்டு வெப்ஓஎஸ்ஸில் டச்பேட் என்று ஒரு டேப்லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்து, 49 நாளில் கைவிட்டது. 49 நாள்! ஒரு குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கக்கூட அவ்வளவு நாள் ஆகும். இப்போது வெப்ஓஎஸ் எல்ஜி டிவிகளில் ஓடுகிறது. கையில் இருக்க வேண்டியது சுவரில் தொங்குகிறது.

விண்டோஸ் ஃபோனையும் நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய எழுத்து, தெளிவான கட்டங்கள், குறைந்த நினைவகத்திலும் திக்காமல் ஓடும் திரை. 2013-இல் லூமியா 1020-இல் 41 மெகாபிக்சல் கேமரா வைத்தார்கள். அதுவும் போய்விட்டது.

ஏன் எல்லாம் போயின என்று யோசித்தால், திறமைக் குறைவு காரணமாகத் தெரியவில்லை. ஆட்கள் வந்தால்தான் ஆப் எழுதுவோம் என்றார்கள் நிறுவனத்தார், ஆப் இருந்தால்தான் வாங்குவோம் என்றோம் நாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. ஐபோன், ஆண்ட்ராய்டு என்ற இரண்டுக்கு ஆப் எழுதுவதே பெரும்பாடு, மூன்றாவதுக்கு யார் செலவு செய்வார்கள்? வங்கி ஆப் இல்லை, நண்பர்கள் பேசும் ஆப் இல்லை என்றானதும், போன் எத்தனை அழகாக இருந்தாலும் அதை வைத்திருப்பவன் தனித்தீவாகிவிடுகிறான். நானே கடைசியில் அதனால்தான் என்9-ஐ டிராயரில் வைத்தேன். அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இன்று இல்லையே என்று நான் அதிகம் ஏங்குவது எதற்குத் தெரியுமா? நம் வாதத்துக்கு. ஒரு போன் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அன்று பல பேரிடம் பல பதில் இருந்தது. உனக்கு எழுத்து முக்கியம், கீபேட் வைத்திருந்தாய். உன் தம்பிக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை வேண்டும், அவனுக்கு பாம். எனக்கு வேகமும் அமைதியும் வேண்டும், எனக்கு என்9. மேஜையில் மூன்று போன் கிடந்தால் எது யாருடையது என்று பார்த்ததும் தெரியும், அவரவர் குணமும் தெரியும். இன்று நீ புது போனின் படம் அனுப்பியிருக்கிறாய், என் போனும் அதுவும் ஒன்றுபோல ஒரு கறுப்புக் கண்ணாடி. வாதாட என்ன இருக்கிறது?

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. வழி தெரியாத இடத்தில் வரைபடம் இல்லாமல் அலைந்ததை மறக்கவில்லை. தமிழ் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கட்டங்கள் வந்ததையும் மறக்கவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து, தமிழில் தட்டினால் 70 இடம்தான். அதிலும் ‘அம்மா’ என்ற சொல்லே ஐந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனியாக இடம் வேண்டும். இன்று நான் நினைத்ததை நினைத்த நீளத்தில் தமிழில் எழுதுகிறேன், அது பெரிய வரம்.

அந்த டிராயரில் அடியில் கிடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நோக்கியா 1100. 2003-இல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற போன், தலையில் டார்ச்சோடு. தடித்த முனை உள்ள பழைய சார்ஜரைத் தேடி எடுத்தேன். ஒயரை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டால்தான் சார்ஜ் ஏறுகிறது, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் சிம்மை அடாப்டரில் பொருத்திச் செருகினேன். சிக்னல் வரவில்லை, ஆனால் மெனு திறந்தது.

இன்பாக்ஸில் கொஞ்சம்தான் இருந்தது. அந்தக் காலத்தில் இன்பாக்ஸ் நிறைந்தால் பழையதை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து எது போகட்டும், எது இருக்கட்டும் என்று பார்ப்போம். அதனால் அதில் மிஞ்சியிருப்பவை எல்லாம் நான் அழிக்க மனம் வராமல் வைத்தவை. மூன்றாவதாக இருந்தது உன்னுடையது. விடியற்காலை 4.10-க்கு வந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருக்கிறாய்: “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீ வா.”

அந்த நிமிடத்தில் நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்தி, இதை எனக்கு எழுதியிருக்கிறாய். அந்தப் பொண்ணுதான் இப்போது உனக்குப் போன் வாங்கித் தந்திருக்கிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். க்யூ10-ஐத் தூக்கிப் போடாதே. பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியைப் பார். உப்பியிருந்தால் அழுத்தாதே, குத்தாதே, குப்பையிலும் போடாதே, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடு. உப்பவில்லை என்றால் பாதி சார்ஜ் வைத்து, தனியாகக் கழற்றி, சூடு படாத இடத்தில் வை. அதற்கு முன் அதில் இருக்கும் படங்களையும் மெசேஜ்களையும் ஒருமுறை உட்கார்ந்து பார், என்னென்ன இருக்கும் என்று உனக்கே தெரியாது. அப்புறம், பட்டன் போனுக்கே திரும்பிவிடலாமா என்றும் எழுதியிருந்தாய். திரும்பலாம். ஆனால் 2ஜியும் 3ஜியும் பல நாடுகளில் மூடப்பட்டு வருகின்றன, அதனால் 4ஜியிலேயே பேச முடிகிற பட்டன் போனாகப் பார்த்து வாங்கு. மகள் தந்ததையும் வீட்டில் வைத்துக்கொள், அவள் மனசு நோக வேண்டாம்.

அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வருகிறேன். 1100-ஐயும் எடுத்து வருகிறேன், அந்த மெசேஜை அவளே திறந்து படிக்கட்டும். உன் வீட்டில் தடித்த முனை சார்ஜர் எங்காவது கிடந்தால் தேடி வை. என்னுடையது அதுவரை தாங்குமா தெரியவில்லை.

அன்புடன்,
உன் நண்பன்