கை தூக்கச் சொல்லும் வகுப்பாசிரியர்களுக்கு

வணக்கம்.

பள்ளி திறந்த முதல் வாரம், "யாரை லீடராப் போடலாம்? கை தூக்குங்க" என்று கேட்பீர்கள். எட்டாம் வகுப்பில் எங்கள் சாரும் அப்படித்தான் கேட்டார். முக்கால்வாசிக் கைகள் எனக்கு. சார் இல்லாதபோது பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது என் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எனக்கு வேண்டியவன் பேசினால் மட்டும் சாக்பீஸ் கைதவறிக் கீழே விழுந்துவிடும். பள்ளியில் என்னைத் தெரியாதவர் கிடையாது. எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனோம். பஸ்ஸில் ஏறியதும் ஆளாளுக்குக் கர்சீப் போட்டு இடம் பிடித்தார்கள். கடைசி பெஞ்ச் பையன் ஒருவனுக்கு மட்டும் மூன்று சீட்டில் கர்சீப் கிடந்தது. பரீட்சை நடுவில் யாருக்காவது மை தீர்ந்தால், தன் பேனாவின் கழுத்தைத் திருகி நாலு சொட்டு ஊற்றித் தருகிறவன் அவன். லீடர் என்ற பேச்சு வந்தபோது அவன் பெயரை யாருமே சொல்லவில்லை. (நானும்தான்.) என் பக்கத்து சீட்டில் சாருடைய பை வந்தது.

1998இல் பார்க்ஹர்ஸ்ட், ஹாப்மையர் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம், யார் பிரபலம் என்றும் யாரைப் பிடிக்கும் என்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். பிரபலம் என்று பெயர் வாங்கிய பலர், பிடித்தவர்களில் முன்னால் வரவில்லை. அவர்களை மற்ற பிள்ளைகள் அதிகாரம் பண்ணுகிறவர்களாகப் பார்த்தார்கள். பிடித்தவர்களை அன்பானவர்கள், நம்பலாம் என்றார்கள். கை தூக்கச் சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது முதல் பட்டியல்தான். லீடர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைக் கீழே வைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

அதனால் ஒரு வேண்டுகோள். துண்டுச்சீட்டு கொடுத்து, "யார் பக்கத்தில் உட்கார ஆசை?" என்று மட்டும் கேளுங்கள். 1930களிலேயே மொரேனோ என்ற மனநல மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டு, யார் யாரைச் சொன்னார்கள் என்று கோடு போட்டு வரைந்து பார்த்திருக்கிறார். "யாரைப் பிடிக்காது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சீட்டுகளை நீங்களே படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். சத்தமாக வாசிக்க வேண்டாம்.

யாருடைய சீட்டிலும் பெயர் வராத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். மைக்காரன் மாதிரி ஒருவன் பக்கத்தில் அந்தப் பிள்ளைக்கு இடம் போட்டுக் கொடுங்கள். லீடரை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய லீடர்