நெல்லைப் பக்கத்து பார்மசி கல்லூரி முதல்வர்களுக்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

முடக்குவாத மருந்தை ஜெலட்டின் நுண்துகளில் அடைத்து மூட்டுக்குள்ளேயே ஊசியாகப் போடுவது எம்.பார்ம் ஆய்வுக்கு அருமையான தலைப்பு. கரைசலாகப் போட்ட மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்து சில மணி நேரத்தில் மூட்டை விட்டு இரத்தத்தில் கலந்துவிடும். துகளுக்குள் இருந்தால் தங்கும். வீங்கிய மூட்டில் பெருகும் எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 நொதிகள் அரிப்பதும் ஜெலட்டினைத்தான். வீக்கம் கூடக் கூட மருந்தும் கூடுதலாக வெளிவரும். தலைப்பின் உயிர் இதுதான். துகளிலிருந்து மருந்து வெளிவருவதை அளக்கும் வெளியீட்டுச் சோதனையை 37 டிகிரியில், பி.எச். 7.4 பஃபரில் (அமில-காரநிலை மாறாத கரைசலில்) மட்டும் முடித்தால் அந்த உயிரைத் தொடவே இல்லை. ஜெலட்டினை அரிக்கும் கொலாஜினேஸ் நொதி கலந்த பஃபரிலும் போட்டு, இரண்டையும் ஒரே வரைபடத்தில் கேளுங்கள்.

துகள் செய்வதில் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். மருந்து கலந்த 10 சதவீத ஜெலட்டின் கரைசலை, ஸ்பான் 80 (எண்ணெயில் சொட்டுகள் ஒன்றுசேராமல் காக்கும் பொருள்) சேர்த்த லிக்விட் பாரஃபினில் 60 டிகிரியில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, பனிக்கட்டித் தொட்டியில் 10 டிகிரிக்குக் கீழே இறக்கி, குளிர்ந்த அசிட்டோன் ஊற்றி நீரை எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் அலமாரி அசிட்டோனை அப்படியே ஊற்றினால் இறுகிய ஜெலட்டின் இளகி, ஊறிய ஜவ்வரிசி போல ஒட்டிக்கொள்ளும். அசிட்டோனையும் பனிக்கட்டியில்தான் குளிர வைக்க வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜில் வைக்க விடாதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

அடுத்தது, ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துத் துகளை உறுதியாக்கும் குளூட்டரால்டிஹைடு. அதன் நீர்க்கரைசலில் ஊறப்போட்டால் துகளிலிருந்து மருந்து கசியும். ஆகவே கழுவிய பிறகுதான் அடைப்புத் திறனை (போட்ட மருந்தில் துகளுக்குள் நின்ற பங்கை) கணக்கிட வேண்டும். பிணைப்பைக் கூட்டினால் முதல் மணி நேரத்தில் கொட்டும் மருந்து குறையும், ஆனால் நொதிக்கும் பல் இறங்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேடுவதுதான் மாணவரின் உண்மையான வேலை. மிஞ்சிய ஆல்டிஹைடைக் கிளைசின் கொண்டு அடக்கி, கழுவிய நீரை, ஆல்டிஹைடைக் காட்டிக்கொடுக்கும் ஷிஃப் கரைசலில் சோதிக்கட்டும்.

ஜெலட்டின் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. அதிலுள்ள எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு காமா கதிரில் போகாது. அந்த நச்சைக் கண்டறியும் எல்.ஏ.எல். சோதனை செய்யாமல் எலிக்குப் போட்டால் துகளே மூட்டை வீங்கவைக்கும்; பழி மருந்தின் மேல் விழும்.

இன்னொன்று, எந்த மூட்டுக்கு? முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு விரல்தான் பிழைப்பு. முடக்குவாதம் முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் விரல் மூட்டுகளைத்தான். முழங்கால் சில மில்லி தாங்கும். விரல் மூட்டு அரை மில்லிக்கு மேல் தாங்காது. பத்து மூட்டுக்கும் ஊசி என்பதும் நடக்காது, அங்கே மாத்திரைதான் அடிப்படை. ஆகவே ஆய்வேட்டின் தலைப்பிலேயே மூட்டின் பெயர் இருக்கட்டும். முழங்கால் என்றால் 22 கேஜ், விரல் என்றால் 27 கேஜ் ஊசி (கேஜ் எண் கூடினால் ஊசி மெலியும்). 27 கேஜின் உள்விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான், நாலைந்து துகள் சேர்ந்து ஒட்டினாலே அடைக்கும். துகளைச் சிரிஞ்சில் ஏற்றித் தள்ளி, உள்ளே எவ்வளவு மருந்து தங்கிவிட்டது என்று அளந்து, அந்த எண்ணையும் வைவாவில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாக்கவியல் துறையில் பணிபுரியும் சிலர்,
பாளையங்கோட்டை