மாப்ள, வரியப் பத்தின நம்ம பழைய சண்ட இன்னும் முடியல

மாப்ள,

நல்லா இருக்கியா, தங்கச்சியும் சின்னவனும் சௌக்கியமா. தீபாவளிக்கு நீ போன் போட்டப்ப நான் எடுக்கல, பெறகு கூப்புடவும் இல்ல, கோவிச்சுக்காத. அன்னைக்கு அக்கா வீட்ல உக்காந்திருந்தேன், எந்திரிச்சு வெளிய வந்து ஒன்ட்ட சிரிச்சுப் பேசுற நெலமையில இல்ல. போன்ல சொல்ற விஷயமும் இல்ல, அதான் எழுதுறேன்.

மச்சானோட இறால் குளம் தெரியும்ல, தொண்டிக்கு வடக்க, கட்டையன் பைக்கோட விழுந்தானே அதே வரப்புதான். 2025 மே கடைசியில வெனாமிங்கிற வளர்ப்பு இறால் குஞ்சு விட்டாரு. அப்ப நம்ம சரக்குக்கு அமெரிக்காக்காரன் போட்ட எறக்குமதி வரி 10 சதவீதம், ஏப்ரல்ல 26ன்னு சொல்லிட்டு நிறுத்தி வச்சிருந்தான், பேசி முடிச்சுருவாய்ங்கன்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆகஸ்ட் 7ல 25 ஆச்சு. ரஷ்யா எண்ணெய் வாங்குறோம்னு இன்னொரு 25, அத ஆகஸ்ட் 6ந்தேதி அறிவிச்சு 27ந்தேதி அமலுக்குக் கொண்டாந்துட்டான். இறாலுக்கு ஏற்கனவே இருந்த வரியும் சேந்து மொத்தம் 58க்கு மேல போச்சு. நமக்குப் போட்டி ஈக்வடார் நாடு, அவனுக்கு அப்ப அந்தப் புது வரி 15தான். ரஷ்யா எண்ணெய்க்கும் தொண்டிக் குளத்துக்கும் என்ன மாப்ள சம்பந்தம்? அக்கா என்ட்ட இதத்தான் கேட்டுச்சு, எனக்கு வாயில பதில் வரல.

செப்டம்பர்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பிடிப்பு. நானும் போயிருந்தேன். தலையில லைட்ட கட்டிக்கிட்டு ஆளுங்க வலைய இழுக்குறாய்ங்க, ஐஸ் வண்டி வரப்புல நிக்குது. ஏஜென்ட் ஒரு கிலோவ தராசுல போட்டுத் தட்டுல கொட்டி ஒவ்வொண்ணா எண்ணுனான், 41 நின்னுச்சு. கிலோவுக்கு எண்ணிக்க கொறஞ்சா இறால் பெருசுன்னு அர்த்தம், 40 கவுண்ட் வந்தா அக்கா கோயிலுக்குப் பொங்கல் வைக்கிறதா நேந்திருந்துச்சு, கிட்டத்தட்ட வந்துருச்சு. ஆனா அவன் சொன்ன வெல மச்சான் மே மாசம் போட்ட கணக்குல கிலோவுக்கு 60 ரூபா கம்மி. மச்சான் ஒரு வார்த்த பேசல. ஈர மணல்ல குத்த வச்சு உக்காந்து ஏரேட்டர் சுத்துறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

குடுக்காம வச்சுக்கலாமேன்னு நீ கேப்ப. எப்புடி வச்சுக்கிறது? ஒரு நாள் கூட வச்சா ஒரு நாள் தீவனம், டீசல். அடுத்து வடகிழக்கு மழ, குளத்துல உப்பு சட்டுனு எறங்கும், வெள்ளப்புள்ளி நோய் வந்துட்டா அம்புட்டும் போச்சு. ஒங்க திருப்பூர் பனியன கோடவுன்ல அடுக்கி வைக்கலாம் மாப்ள, இறால வைக்க முடியாது.

காலேஜ் கேன்டீன்ல நம்ம போட்ட சண்டைய ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். நீ பொருளாதாரப் பொஸ்தகத்துல வர்ற ரிக்கார்டோ கட்சி, போர்ச்சுகல் ஒயின் செய்யட்டும், இங்கிலாந்து துணி நெய்யட்டும், மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் லாபம்னுவ. நான் நம்மூர்க்காரன் பொழைக்கணும்னா வரி போட்டே ஆகணும்னு மேசையத் தட்டுவேன். இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ண விட்டுட்டுப் பேசுனோம்னு தோணுது. நாள். இறாலுக்கு நாலு மாசம், 120 நாளு. 27ந்தேதி வரிக்கு அவன் குடுத்தது 21 நாளு. தண்ணிக்குள்ள கெடக்குற குஞ்சுக்கு வரி மாறுனது தெரியுமா? ஒயின் விட்டுட்டுத் துணிக்கு மாறுன்னு பொஸ்தகம் சொல்லும், உப்புத் தண்ணி பாஞ்ச நெலத்துல மறுபடி நெல்லா போட முடியும், என்னத்துக்கு மாறச் சொல்ற?

அமெரிக்காக்காரன் மட்டும்னு நெனைக்காத. ஆகஸ்ட்ல நம்ம அரசாங்கம் பருத்தி எறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரிய எடுத்துச்சுல்ல, நீ ஸ்டேட்டஸ்ல பட்டாசு படம் போட்ட. ஒன்னத் தப்பு சொல்லல, அமெரிக்க ஆர்டர் அடிபட்ட திருப்பூருக்கு அது மூச்சு விட ஒரு வழி. ஆனா அறிவிப்பு 18ந்தேதி, அமல் 19ந்தேதி. கமுதிச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில பஞ்சு மூட்டை வெலைக்குக் காத்துக் கெடந்துச்சு மாப்ள. அவரு அன்னைக்குக் காலையில பேப்பர் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாரு. மொத செப்டம்பர் வரைக்கும்னாய்ங்க, பத்து நாள்ல டிசம்பர் 31 வரைக்கும்னு நீட்டிட்டாய்ங்க. இந்த வருஷம் பருத்தி போடவா வேணாமான்னு அந்த மனுசன் எதப் பாத்து முடிவெடுப்பாரு?

இலங்கையில மஞ்சளுக்குத் தடை போட்டாய்ங்களே, அங்க உள்ள விவசாயி பொழைக்கட்டும்னு. நோக்கம் நல்ல நோக்கம்தான், நான் அன்னைக்கு அத ஆதரிச்சுக் கூடப் பேசுனேன். ஆனா மஞ்சள் கெழங்கு ஊனி வெட்ட எட்டு ஒம்போது மாசம் ஆகும், தடை ஒரே நாள்ல வந்துருச்சு. நடுவுல அங்க உள்ள பொம்பளைங்க கொழம்புல என்னத்தப் போடுவாங்க? வெல ஏறுச்சு, நம்ம கரையில மண்டபம், வேதாளைப் பக்கம் ஈரோட்டு மஞ்சள் ராத்திரியோட ராத்திரியா இலங்கைக்கு நாட்டுப்படகு ஏறுச்சு. மாட்டுனது யாரு, கூலிக்குப் படகு ஓட்டுன பயலுகதான்.

ஒண்ணு சொல்லணும். லூசியானாவுல இறால் பிடிக்கிறவங்க பேசுற வீடியோ பாத்தேன், வெளிநாட்டு இறாலுக்கு வரி போடுங்கன்னு கேக்குறாங்க. அமெரிக்கா திங்கிற இறால்ல 90 சதவீதத்துக்கு மேல வெளிய இருந்துதான் போகுது. வெல கட்டுப்படியாகாம கரையில கட்டிக் கெடக்குற அந்தப் படகப் பாத்தப்ப எனக்குப் பாம்பன் பாலத்துக்கு அடியில நிக்கிற நம்ம விசைப்படகுதான் ஞாபகம் வந்துச்சு, கோவம் போயிருச்சு. அவனையும் காப்பாத்தட்டும். வரி போடுறதுன்னா இத்தன வருஷத்துல இம்புட்டுன்னு முன்கூட்டியே சொல்லிப் படிப்படியா ஏத்து, எறக்குறதா இருந்தாலும் அப்புடியே எறக்கு, அதுக்குள்ள நாங்களும் வேற சந்தை பாத்துக்குறோம். நம்ம கடல் இறால அமெரிக்காக்காரய்ங்க 2019லயே நிறுத்திட்டாய்ங்க, வலையில ஆமை தப்பிக்கக் கருவி இல்லன்னு. அதுகூட ஞாயம், கருவிய மாட்டுனா தீந்துரும். இந்த வரிக்கு என்னத்த மாட்டுறது?

மச்சான் அடுத்த பருவத்துக்குக் குஞ்சுக்கு அட்வான்ஸ் குடுக்கல. அக்கா வளையல் பேங்க்ல இருக்கு. நேத்து என்னத் தனியாக் கூப்புட்டு, திருப்பூர்ல ஒன்ட்ட ஏதாவது வேல இருக்குமான்னு கேட்டாரு, 46 வயசாச்சு, செக்கிங்கோ பேக்கிங்கோ எதுனாலும் பரவால்லங்கிறாரு. ஒங்க கம்பெனியில இப்ப ஆள் எடுக்குறாய்ங்களா, இல்ல இருக்குற ஆளையே நிறுத்துறாய்ங்களா, எனக்காக மூடி மறைக்காம எழுது. அவரு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.

ஒன்
பங்காளி