மே ஆன்ட்டி சாகத்தான் வேணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

சூப்பர்ஹீரோ படத்துல ஹீரோவ வளர்த்தவங்கள சாகடிக்கலாமா கூடாதான்னு எங்க வீட்ல ஒரு வாரமா சண்டை, அதான் எழுதுறேன். ஸ்பைடர்மேன் கதைல ஹீரோவ வளர்த்த பென் அங்கிள் 1962 காமிக்ஸ்லயே செத்துட்டாரு, 2002 படத்துலயும் சாவு, 2012ல திரும்பவும் அதே சாவு, அடுத்து வந்தவங்க அத காட்டாம விட்டப்போ அப்பாடான்னு இருந்துச்சு, பாத்தா 2021 படத்துல அவன வளர்த்த மே ஆன்ட்டிய, அதான் பென் அங்கிளோட பொண்டாட்டிய, முடிச்சிட்டாங்க. தியேட்டர்ல அழுதேன், மறைக்கல.

ஆனாலும் அந்த சாவு சரின்னுதான் சொல்லுவேன். ஏன்னா வில்லன்களுக்கு உதவி பண்ணுப்பான்னு பையன்கிட்ட சொன்னதே அவங்கதான், கடைசில அதுக்கு அவங்க உயிரே போகுது, அப்ப அவனுக்கு வர்ற கோவமும் குழப்பமும் நமக்கும் ஒட்டிக்குது. சும்மா அழ வைக்கறதுக்காக கொல்றது வேற, இது வேற.

எனக்கு கடுப்பே செத்தவங்கள திருப்பி கூட்டிட்டு வர்றதுதான். 1995ல காமிக்ஸ்ல மே ஆன்ட்டி செத்தாங்க, அப்புறம் பாத்தா செத்தது அவங்களே இல்லையாம், அவங்க மாதிரி வேஷம் போட்ட ஒரு நடிகையாம்! அப்போ அழுதவன் என்ன கேனையா? படத்துலயும் அந்த வேலைய பண்ணிடாதீங்க சாமி.

இப்படிக்கு,
ஒரு வாசகன்