காத்திருக்காமல் என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் சயாம் ரயில் பாதையைப் பற்றி, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போர்க்கைதிகளையும் மலாயாத் தோட்டத்து ஆட்களையும் வைத்துச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதையைப் பற்றி, இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குச் சற்று மேலே, போகிற போக்கில் ஒரு வரி வந்தது: சயாமுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்காமல் வேறு வாழ்க்கை தேடிக்கொண்ட பெண்களும் தோட்டங்களில் இருந்தார்களாம். அவ்வளவுதான். அடுத்த பத்தியில் மறுபடி பாலம், தண்டவாளம், வெள்ளைக்காரக் கைதிகள் என்று போய்விட்டீர்கள்.

அந்த ‘காத்திருக்காமல்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். என் அம்மாவுக்கு 80 வயது. கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துத் தினமும் உங்கள் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர். அன்றைக்கு அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், காப்பி ஆறிப்போனது. அப்புறம்தான் நான் வாங்கிப் படித்தேன்.

எங்கள் பாட்டி மலாயாவின் கெடாவில் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 16 வயதில் அதே தோட்டத்து ஆளுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், 1939-இல். பெரியம்மா பிறந்து இரண்டு வயது ஆகும்போது, 1943 சித்திரையில், தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று சொன்னது தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, வாயால் வந்த ஜப்பான்காரன் வாக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் நிற்க வைத்து, தோளைத் தட்டிப் பார்த்து ஆள் பொறுக்கியிருக்கிறார்கள். சாமான் ஏற்றுகிற ரயில் பெட்டியில் அடைத்து, எல்லையில் இருக்கிற பாடாங் பெசார் வழியாகச் சயாமில் பான்போங் வரைக்கும், அங்கிருந்து காட்டுக்குள் நடை. இதெல்லாம் உங்கள் கட்டுரையிலும் இருக்கிறது. 415 கிலோமீட்டர் பாதை, 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அவர்களில் 12,000 பேருக்கு மேல் சாவு. ஆசியக் கூலிகளின் கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள், செத்தவர்கள் 90,000 இருக்கும் என்கிறார்கள். ஏன் மாறுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியில்தான் பாட்டியின் கதையே இருக்கிறது.

கைதிகளுக்கு அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், எண் இருந்தது. யார் எந்த முகாமில் எந்தத் தேதியில் செத்தார் என்று ஒளித்து வைத்தாவது எழுதி வைத்தார்கள். அச்சடித்த அட்டை ஒன்றிரண்டாவது ஊருக்குப் போனது, நான் நலம் என்ற அளவில். தாய்லாந்தில் காஞ்சனபுரியில் இன்றைக்கும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாகப் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இது ஒன்றுமே கிடையாது. 1943-இல் காலரா வந்து கூலி முகாம்கள் மொத்தமாகச் சாய்ந்த பிறகுதான் கைதிகளிலிருந்தே சில மருத்துவக் குழுக்களை அங்கே அனுப்பினார்கள். பெயர்ப்பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால்கூட அது தோட்டத்து லயத்துக்கு (கூலிகளின் வரிசை வீடுகளுக்கு) வந்து சேர வழி இல்லை. சரி, எந்தக் கடிதத்துக்கு, எந்தத் தந்திக்குப் பாட்டி காத்திருந்திருக்க வேண்டும்?

வந்தது ஒரு மனிதர்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர், 1944 தொடக்கத்தில் எப்படியோ தப்பி வந்தவர், முட்டிக்குக் கீழே புண், உடம்பில் சாக்குத் துணி. மேல்முகாம் ஒன்றில் தாத்தாவுக்குக் காலரா கண்டு, ஒதுக்குக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அந்தக் கொட்டகைக்குப் போனவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். தோட்டத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, உடல் இல்லாததால் தாத்தா விட்டுப்போன ஒரு சட்டையை வைத்துக் கருமாதி செய்தார்கள். தாலி இறங்கியது. அரிசி ஏது, பர்மா அரிசியும் சயாம் அரிசியும் நின்றுபோன நாடு அது, கருமாதிச் சாப்பாடே மரவள்ளிக்கிழங்குதான். இதை இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குக் கிழங்கு தின்றுவிட்டுப் போன அதே ஆட்கள்தான் பின்னால் பஞ்சாயத்தில் உட்கார்ந்தார்கள்.

பாட்டியின் வாழ்க்கையில் வந்த அந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு உருட்டுகிற வேலை பார்த்தவர். வலது கால் கொஞ்சம் இழுக்கும், அதனாலேயே பிரட்டில் கழித்துவிட்டார்கள், சயாமுக்குப் போகவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் பால் வெட்டு ஏறக்குறைய நின்றுவிட்டதால் ஸ்டோருக்குப் பின்னால் கிழங்கு போட்டு, காவலுக்கு இரவும் அங்கேயே படுத்துக்கொண்டிருந்தார், எந்நேரமும் நெருப்பு வைத்திருப்பார். நெருப்புக்குச்சி கிடைக்காத காலம். சாயங்காலம் ஆனால் ஒரு மங்கில், அதுதான், பால் விழுவதற்கு மரத்தில் கட்டுகிற பீங்கான் கிண்ணத்தில், தணல் எடுத்து மேலே சாம்பல் தூவிக் கொண்டுவந்து பாட்டி வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். முதலில் லயத்தில் எல்லா வீட்டுக்கும்தான் கொடுத்திருக்கிறார். அப்புறம் இந்த வீட்டுக்கு மட்டும் அவரே நொண்டிக்கொண்டு வந்தார். "நாலு மாசம் வாசப்படிக்கு இந்தப் பக்கம் காலை வைக்கலடி அந்த மனுசன்" என்று பாட்டி என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியும் அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வார், தாத்தா இறந்து வருடக்கணக்கில் ஆன பிறகும்.

நான் கேட்டிருக்கிறேன், சோற்றுக்கு வழியில்லாமல்தானே போனீர்கள் என்று. நான் நியாயப்படுத்துவதாக நினைத்துத்தான் கேட்டேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "கெழங்குக்காகப் போனேன்னு நெனச்சியா? புடிச்சிருந்துச்சு, போனேன்" என்றார். முதல் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது, மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்த்ததே மூன்றாம் நாள்தானாம். இது அப்படி இல்லை. போர் நடக்கிற நேரத்தில், பசியில், புருஷனுக்குக் கருமாதி முடிந்த வீட்டு வாசலில் இப்படி ஒன்று வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. வந்தது. 1945 மாசியில் என் அம்மா பிறந்தார்.

1946 நடுவில் தாத்தா நடந்து வந்தார்.

ஜப்பான்காரன் சரணடைந்தது 1945 ஆகஸ்டில். அதற்கப்புறமும் நம் ஆட்கள் மாதக்கணக்கில் சயாம் முகாம்களில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பினார்கள். சிலர் திரும்பாமல் அங்கேயே குடும்பமாகித் தங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை. தாத்தா அந்தப் பத்து மாதம் அங்கே என்ன செய்தார், யார் சோறு போட்டார்கள் என்று அவரை யாரும் பஞ்சாயத்து வைத்துக் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டாம். பாட்டியைக் கேட்டார்கள்.

மாரியம்மன் கோயில் முன்னால் கங்காணி உட்கார்ந்து, "யாரோட போற, சொல்லு" என்றாராம். இடுப்பில் என் அம்மா, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா. ஒரு பக்கம் தாலி கட்டியவர், எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. இன்னொரு பக்கம் அவர். சட்டம் என்று பார்த்தால் இந்தியாவில் வெள்ளைக்காரன் எழுதி இங்கேயும் வந்த தண்டனைச் சட்டம் 494-ஆம் பிரிவில், துணை உயிரோடு இருக்கிற தகவலே இல்லாமல் ஏழு ஆண்டுகள் போயிருந்தால் மறுமணம் குற்றமில்லை என்கிறது. பாட்டிக்கு ஏழு ஆண்டுக்கு எங்கே போவது, போர் நடந்ததே இங்கே மூன்று ஆண்டு எட்டு மாதம்தான். தோட்டத்தில் யார் சட்டம் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். கங்காணி சொன்னதுதான் சட்டம்.

பாட்டி தாத்தாவோடு போனார். ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்வார். கடமை என்பார். அந்தப் புண்ணை யார் கழுவுவது என்பார். ஒரு தடவை மட்டும், "அவரே எந்திரிச்சுப் போயிட்டாருடி, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள" என்றார். அதாவது பாட்டி பதில் சொல்வதற்கு முன்பே அந்த மனிதர் எழுந்து, கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே ஸ்டோர் பக்கம் நடந்துவிட்டார். மறுநாள் தோட்டத்திலேயே இல்லை. தெற்கே எங்கேயோ வேலைக்குப் போனதாகப் பேச்சு. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தாத்தாவைப் பற்றியும் சொல்லாவிட்டால் பாவம். அன்றைக்குக் கோயில் வாசலில் அவர் பேசியது ஒரே வாக்கியம்: "புள்ளையையும் தூக்கிட்டு வா." அம்மாவுக்குப் பிறப்புப் பத்திரம் பின்னால்தான் எடுத்தார்கள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் தாத்தா தன் பெயரையே கொடுத்தார். 1943-இல் சயாமுக்குப் போய் 1946-இல் திரும்பியவருக்கு 1945-இல் பிள்ளை. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். பள்ளிக்கூடத்தில் அம்மாவைச் ‘சயாம் கணக்கு’ என்று கூப்பிட்ட பையன்கள் இருந்தார்கள், ஒருவனைத் தாத்தா ஒரு மைல் துரத்திக்கொண்டு போய் அடித்திருக்கிறார், அந்தக் காலை வைத்துக்கொண்டு. நல்ல மனிதர். பாட்டி அவருக்கு 37 வருடம் சோறு போட்டார், கடைசியில் படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளினார். அந்த மங்கு மட்டும் எங்கள் அடுப்படியில் உப்பு போட்டு வைக்கிற கிண்ணமாக இருந்தது. தாத்தாவுக்கு அது என்னவென்று தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தினமும் அதிலிருந்துதான் உப்பு எடுத்துப் போட்டுக்கொள்வார்.

பாட்டி 1998-இல் இறந்துபோனார்.

இந்தக் கதையைப் பத்திரிகையில் போட்டுக் காவியமாக்கச் சொல்லி நான் எழுதவில்லை. போர்க்காலக் காதல் என்றால் ரயில் நிலையத்தில் கைக்குட்டை ஆட்டுகிற வெள்ளைக்காரப் படங்கள்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன, அங்கேயெல்லாம் அந்தப் பெண் கண்ணீரோடு புருஷனிடம் திரும்பினால் தியாகம் என்கிறோம், நம் லயத்தில் அதே நடந்தால் ‘வேறு வாழ்க்கை தேடிக்கொண்டவள்’. இதைக் கேட்கத்தான் பொறுக்கவில்லை. உங்கள் கட்டுரையாளர் இளைஞராக இருக்கலாம், தெரியாமல் எழுதியிருக்கலாம், அவரைத் திட்டி ஒன்றும் போட வேண்டாம். காத்திருக்க ஒரு செய்தியும் இல்லாதவர்களைக் காத்திருக்கவில்லை என்று எழுதியது தவறு என்று அடுத்த ஞாயிறு இரண்டு வரி போட்டால் போதும். சயாமுக்குப் போன ஆண்களின் பேட்டி ஏதோ கொஞ்சமாவது எடுத்தார்கள். லயத்தில் இருந்துகொண்டு கருமாதி செய்தவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கே 80, 85 ஆகிவிட்டது. வாசகர்களிடம் கேட்டுப் பாருங்கள், எங்கள் வீடு ஒன்றுதான் இப்படி என்று நான் நம்பவில்லை.

கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரும் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். அம்மா கேட்டுக்கொண்டது. மங்கைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன், அதை எழுது என்றார்.

வாசகி ஒருத்தி,
சுங்கைப்பட்டாணி