ஜாக்கியே போடாம எழுதின எஸ்டிமேட்

மாப்ள,

பொங்கலுக்கு முன்னாடியே எழுதியிருக்க வேண்டியது, திட்டாதே. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான்.

வண்டிக்கு அடியில சத்தம் வருதுன்னு நீ காட்டினதுக்கு மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை அனுப்பியிருந்தியே, பார்த்தேன். பாண்டி அண்ணன் பரோட்டாக் கடை பில் மாதிரி இருக்கு, தின்னது தின்னாதது எல்லாம் சேர்த்து. முன் ஷாக் அப்சார்பர், பின் ஷாக், நாலு ஸ்பிரிங், ரெண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோட பிடிச்சிருக்கிற இரும்புக் கை), போதாக்குறைக்கு ஸ்டீயரிங் ரேக் முழுசா. 2009 ஸ்விஃப்ட் டீசல், 1,80,000 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டியை விட முன்பக்கம் கனம் ஜாஸ்தி, ரப்பர் எல்லாம் அடி வாங்கியிருக்கும், மறுக்கலை. ஆனா அந்த ஆள் ஜாக்கியே போடலைன்னு நீதானே எழுதியிருக்கே. அப்புறம் எப்படிடா ரேக் போச்சுன்னு கண்டுபிடிச்சான்? இதை நம்பி வண்டியை வேற விக்கப் போறியாம்.

சத்தம் எப்போ வருதுன்னு கவனி. மெதுவா போகும்போது சின்னக் குழிகள்ல 'கடகட'ன்னா பெரும்பாலும் லிங்க் ராடு (திருப்பத்துல வண்டி சாயாம பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரோட முனையைச் சக்கரத்துப் பக்கம் இணைக்கிற குட்டிக் கம்பி). விலை கம்மியான சாமான்தான் அது. முன்னாடி நகர்த்தி ஒரு பிரேக், ரிவர்ஸ்ல நகர்த்தி ஒரு பிரேக் அடி. ஒவ்வொரு தடவையும் 'டொக்'னு இடிச்சா லோயர் ஆர்மோட பின்பக்க புஷ் (போல்ட்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் உருளை). நின்ன இடத்துல ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ஸ்பிரிங் 'டொய்ங்'னு துள்ளினா முன் ஷாக்கோட உச்சியில இருக்கிற ஸ்ட்ரட் பேரிங். ஸ்பீடு பிரேக்கர் இறங்கினதும் வண்டி ரெண்டு மூணு தடவை ஆடி அடங்கினாத்தான் ஷாக் மேல சந்தேகப்படணும். பானெட்டை அமுக்கி விட்டுப் பார்க்கிற வித்தை சுத்தமா செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் காட்டும், பாதி செத்ததைக் காட்டாது.

லிங்க் ராடைப் பார்க்க ஒரு பக்கம் மட்டும் தூக்காதே. ஒரு சக்கரம் தொங்கினா ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கிட்டு ஜாயின்டை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆட்டம் தெரியாது. ரெண்டு சக்கரமும் தரையில இருக்கணும், இல்லை ரெண்டும் மேல இருக்கணும். அப்பவும் சந்தேகம்னா ரெண்டு ராடையும் கழட்டி எடுத்துட்டு, பார் முனை எதுலயும் இடிக்காம கம்பியால கட்டி, அதே தெருவுல மெதுவா ஒரு ரவுண்டு போ. சத்தம் நின்னுடுச்சுன்னா ராடு, இல்லை பாரைப் பிடிச்சிருக்கிற புஷ். எஸ்டிமேட்டைக் கிழிச்சுப் போடு. (ராடு இல்லாம மெயின் ரோட்டுக்குப் போயிடாதே, திருப்பத்துல வண்டி நல்லா சாயும்.)

பாப்பா இந்த வண்டியிலதான் பைபாஸ்ல காலேஜ் போறான்னு எழுதியிருக்கே. அதனால பால் ஜாயின்டை (லோயர் ஆர்ம் முனையில சக்கரப் பக்கத்தைப் பிடிச்சிருக்கிற குண்டு மூட்டு) இந்த வாரமே பாரு, இதுல தள்ளிப்போடற வேலை வேணாம். லிங்க் ராடு போனா சத்தத்தோட போகும். பால் ஜாயின்ட் கழண்டா ஓடற வண்டியில சக்கரம் மடிஞ்சுடும். பாடியில ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டாண்டு வெச்சுக்கிட்டு, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆட்டம் இருந்தா யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லு. மிதிச்சதும் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா பால் ஜாயின்ட். இடமும் வலமுமா ஆட்டும்போது தெரியறது, ரேக்ல இருந்து சக்கரத்தைத் திருப்பற கம்பியோட வெளி முனை (டை ராடு எண்டு), இல்லை உள் முனை (ரேக் எண்டு). அது ரெண்டையும் தனியா மாத்தலாம், அதுக்காக ரேக்கையே இறக்க வேண்டியதில்லை.

பால் ஜாயின்ட்ல ஆட்டம்னா ஆர்மையே மாத்திடு. அது டைட்டா இருந்து புஷ் மட்டும் வெடிச்சிருந்தா பிரஸ்ல கொடுத்துப் புது புஷ் ஏத்தினா போதும். சோப்புத் தண்ணி தடவி ஏத்தச் சொல்லு, கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிடும்.

இனிமே சொல்றதை நீ பக்கத்துல நின்னு செய்ய வைக்கணும். புஷ்ஷுக்குள்ள இருக்கிற இரும்புக் குழாயும் ரப்பரும் ஒட்டினது. போல்ட்டை இறுக்கினதும் குழாய் அசையாது. ஆர்ம் மேல கீழ போறப்ப ரப்பர்தான் முறுக்கிக்கிட்டு வேலை செய்யுது. சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டா, வண்டியை இறக்கின நிமிஷத்துல இருந்து ரப்பர் முறுக்கின நிலையிலேயே இருக்கும். குழியில இறங்கினா இன்னும் முறுக்கும். கொஞ்ச மாசத்துல கிழிஞ்சுடும், "பார்ட் டூப்ளிகேட்டு சார்"னு சொல்லி இன்னொரு செட் விப்பான். அதனால போல்ட்டை முதல்ல கையளவு மட்டும் ஏத்து. வண்டி எடை முழுக்கச் சக்கரத்துல உட்கார்ந்த பிறகு, ரேம்ப்லயோ குழியிலயோ நிறுத்தி, டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டற ஸ்பானர்) இறுக்கு. பின் ஆக்சில் புஷ்ஷுக்கும் இதே கதைதான். ஏர் கன்ல ரெண்டு 'டர்ர்'ரோட முடிக்கிற இடத்துல இதை யாரும் செய்யறதில்லை. புஷ் மாத்தி மாத்திச் சலிச்சவங்க பாதிப் பேரு இதுலதான் ஏமாந்தாங்க.

ஷாக் உடம்புல லேசா எண்ணெய்ப் பூச்சு இருந்தா கண்டுக்காதே; வழிஞ்சு மண் அப்பியிருந்தா மாத்து, இடம் வலம் ஜோடியாத்தான். கூடவே மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (பெரிய குழியில கடைசி இடியைத் தாங்கற ரப்பர்), தூசி உறை. இதுக்காக இன்னொரு தடவை கழட்டிக் கூலி கொடுக்காதே. கழட்டறதுக்கு முன்னாடி, நக்கிளை (சக்கரம் மாட்டியிருக்கிற இரும்புத் துண்டு) ஷாக்கோட பிடிச்சிருக்கிற போல்ட் இருந்த நிலையைப் பெயின்ட்ல குறிச்சுக்கோ. நக்கிளை வெளிப்பக்கம் சாயவிடாம கட்டு, இல்லைன்னா பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்தைச் சுத்தற டிரைவ் ஷாஃப்டோட உள் ஜாயின்ட் நழுவும். ஸ்பிரிங்கைக் கம்ப்ரெசர்ல அமுக்கி, அது சீட்டுல லூசா ஆடுறவரைக்கும் மேல் நட்டைத் தொடவே கூடாது. தொட்டா ஸ்பிரிங் ஆளை அடிச்சுடும். ஷாக்ல பளபளன்னு இருக்கிற ராடைக் கட்டிங் பிளேயரால பிடிக்க விடாதே. ஒரு கீறல் போதும், புது ஷாக்கோட சீல் கிழிஞ்சுடும்.

பின்னாடி ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி, கம்ப்ரெசர் வேணாம். ஷாக்கைக் கழட்டும்போது ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி இருந்தாப் போதும். நாலு ஸ்பிரிங்கும் எதுக்குன்னு அவன்கிட்டயே கேளு. உடையாம, உயரம் இறங்காம இருக்கிற ஸ்பிரிங்கை யாரும் மாத்தறதில்லை. ஸ்பிரிங் நடுவுல சொருகற ரப்பர் பஃபரை உன் மச்சான் சிபாரிசு பண்ணுவார், கேக்காதே. கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏறின மாதிரி தெரியும், தேஞ்ச புஷ் தேஞ்சபடியேதான் இருக்கும். புதுப்பேட்டையில பழைய ஷாக் வாங்கறதும் வேணாம்.

எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். டயர் ஏற்கெனவே மேடு பள்ளமா தேஞ்சிருந்தா அதுல வர்ற உறுமல் மட்டும் போகாது, அதுக்கு யாரையும் திட்டாதே.

சேசிஸ் நம்பரை அனுப்பு, பார்ட் நம்பர் பார்த்து எழுதறேன். லோயர் ஆர்ம் இடது வேற, வலது வேற. கடையில வாங்கும்போது பிரிச்சுப் பாரு, ரெண்டும் ஒரே பக்கத்தைக் கட்டிக் கொடுத்துடப் போறான்.

மூர்த்தி