கல்விச்சீர் கொண்டுவந்த ஊராருக்கு நன்றி

அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

நாதசுரமும் தவிலும் முழங்க நீங்கள் பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கல்விச்சீராக எடுத்து வந்த அன்று, வாசலில் நின்று வரவேற்ற எங்களுக்குப் பேச்சே எழவில்லை. அன்று சொல்லாமல் விட்ட நன்றியை இப்போது எழுதுகிறேன்.

தாய்மாமன் சீர் போல வரிசை கட்டி வந்தீர்கள். முன்னால் வெற்றிலை பாக்கும் பழத்தட்டும். பின்னால் நோட்டுகள், உலக உருண்டை, சுவர்க் கடிகாரம். டிராக்டரில் பீரோவும் மின்விசிறிகளும். வரிசையின் கடைசியில் ஒரு பாட்டி, நூறு நாள் வேலைக் கூலியில் வாங்கிய வாளியும் இரண்டு துடைப்பமும் கொண்டுவந்தார். இருப்புப் பதிவேட்டில் பீரோவுக்கு அடுத்த வரியில் அவற்றையும் எழுதியிருக்கிறோம்.

பள்ளிக்குக் கொடுப்பது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் மக்களைப் பள்ளிக்கு அழைத்துவந்தன. நம் பள்ளியின் கதையும் அந்த வழியில் வந்ததுதான். எட்டாம் வகுப்போடு நின்ற நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த, ஊர்ப் பங்களிப்பாக ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அறுவடை முடிந்த கையோடு வீடு வீடாகத் திரட்டிக் கட்டினார்கள் உங்கள் பெற்றோர்கள். பக்கத்து ஊருக்கு அனுப்பப் பயந்து எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண்களின் மகள்கள் இன்று இங்கேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள்.

கூலி வாங்காமல் பெஞ்சுகளைச் செப்பனிட்ட தச்சருக்கும், சிறப்பு வகுப்பு முடியும்வரை பஸ்ஸை நிறுத்திவைக்கும் ஓட்டுநருக்கும், சத்துணவுக்கூடச் சகோதரிகளுக்கும், தூய்மைப் பணியாளருக்கும் தனி நன்றி.

கட்டடமும் ஆசிரியரும் தர வேண்டியது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவோம். ஆனால், மாற்றுச் சான்றிதழ் வாங்க மட்டுமே பள்ளிப் படியேறிய தந்தையர் அன்று வகுப்பறைக்குள் வந்து பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய சீர். மாணவியர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததைக் கவனித்த ஒருவர், மறுநாள் காலையில் தானே வந்து பொருத்திவிட்டுப் போனார்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் இதேபோல் திரண்டு வாருங்கள். ஒன்பதாம் வகுப்பு அறை மழைக்கு ஒழுகுகிறது. அதற்கான தீர்மானத்தை அந்தக் கூட்டத்திலேயே நிறைவேற்றி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
தலைமை ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி